புராஸ்டேட் ஹார்மோன் சிகிச்சை: வயிற்றில் பதிப்பதா, கலந்து போடுவதா, மாத்திரையா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இருப்பதிலேயே நல்ல மருந்து எது?" கோசெரெலின், லூப்ரோலைடு, டெகாரெலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் நான்குமே அந்த ஹார்மோனை விரைகளை எடுத்துவிட்ட அளவுக்கு இறக்கிவிடும். ஆபத்து பெரும்பாலும் வேறுபடுவது, மருந்து உடம்புக்குள் போகும் விதத்திலும் முதல் சில வாரங்களிலும்தான். ஆகவே மருந்தை விட்டு நோயாளியைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

கோசெரெலின், அதாவது சோலாடெக்ஸ், திரவம் அல்ல. சிறு குச்சி போன்ற திட மருந்து. 3.6 மி.கி. என்றால் 28 நாளுக்கு ஒருமுறை, 10.8 மி.கி. என்றால் 12 வாரத்துக்கு ஒருமுறை. கலக்க வேண்டியதில்லை, 25 டிகிரிக்கு மேல் போகாத இடமிருந்தால் ஃபிரிட்ஜும் தேவையில்லை. ஆனால் ஊசி தடிமனானது. தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து, சாய்வாக, கொழுப்புக்குள் மட்டும் செலுத்த வேண்டும். தசைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ போய்விடக் கூடாது. அந்தப் பகுதியில் ஒரு முக்கிய ரத்தக் குழாயும் அதன் கிளைகளும் ஓடுகின்றன. ஒல்லியானவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. அபூர்வமாக உள்ளே கடுமையாக ரத்தம் கசிந்து, ரத்தம் ஏற்றும் நிலைக்கும் போனதுண்டு. போட்ட பிறகு வயிற்று வலி, தலைசுற்றல் என்றால் "ஊசி வலிதானே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

பழக்கதோஷத்தில் இரண்டு தப்பு நடக்கும். காற்றை வெளியேற்றுகிறேன் என்று பிஸ்டனை அழுத்தினால் குச்சி நகர்ந்துவிடும். ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். பெரிய குழாயில் பட்டிருந்தால் சிரிஞ்சில் ரத்தம் உடனே தெரியும். அப்போது ஊசியை எடுத்துவிட்டு, புது சிரிஞ்சில் வேறு இடத்தில் போட வேண்டும்.

லூப்ரோலைடில் ஊசி மெல்லியது, நோயாளிக்கு நிம்மதி. சிக்கல் கலக்கும் மேசையில் இருக்கிறது. பல வகைகளைப் போடுவதற்குச் சற்றுமுன்தான் கலக்க முடியும். சரியாகக் கலக்காததால் மருந்து வேலை செய்யாமல் போன புகார்களைப் பரிசீலித்துத்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் கூடுதல் எச்சரிக்கைகளைச் சொன்னது. நர்ஸ் அடிக்கடி மாறும் சின்ன கிளினிக் என்றால் நான் குச்சியைத்தான் கேட்பேன்.

இந்த இரண்டுக்கும் பொதுவான வில்லங்கம் ஒன்று: ஹார்மோன் இறங்குமுன் முதலில் ஏறும். சாதாரணமாக, அந்த ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரை சில வாரம் சேர்த்துக் கொடுத்துச் சமாளிப்பார்கள். ஆனால் முதுகெலும்பில் பரவி தண்டுவடம் நசுங்கும் அபாயம் உள்ளவருக்கு, சிறுநீர்ப் பாதை அடைக்கும் நிலையில் இருப்பவருக்கு, அந்த ஏற்றமே ஆபத்து. அங்கே டெகாரெலிக்ஸ்தான் என் தேர்வு. முதலில் 120 மி.கி. வீதம் இரண்டு ஊசி, பிறகு மாதாமாதம் 80 மி.கி. ஏற்றமே இல்லாமல் பெரும்பாலோருக்கு மூன்றே நாளில் இறங்கிவிடும். இதற்குக் கொடுக்கும் விலை? ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கி வலிப்பது இதில் மிகச் சகஜம். மூன்று மாத வசதியும் கிடையாது.

ரெலுகோலிக்ஸ் தினசரி மாத்திரை. இதை லூப்ரோலைடுடன் ஒப்பிட்டு 2020இல் வந்த ஹீரோ (HERO) என்ற ஆய்வில், பெரிய இதயப் பாதிப்புகள் ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 2.9 சதவீதம், லூப்ரோலைடில் 6.2 சதவீதம். மாரடைப்பு வந்தவர் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சில நாள் மறந்தாலே ஹார்மோன் தலைதூக்கும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதல் நாள் போல 360 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும். மாத்திரையை எண்ணிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதவருக்கு இது சரிப்படாது.

அப்புறம், விரை நீக்க அறுவை. ஒரே தடவை, செலவு குறைவு, தேதி தவறும் பயமில்லை. திரும்ப முடியாது என்பதுதான் தயக்கம். உடம்பு திடீரெனச் சூடாகி வியர்ப்பது, எலும்புத் தேய்மானம், சர்க்கரை ஏறுவது எல்லா வழியிலும் வரக்கூடியவை; எதைத் தேர்ந்தாலும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.