என்செம்பிள்: விலங்கு மரபணுவைப் படிக்க உதவும் இலவசத் தளம் எப்படி?

விலங்கு மரபணு ஒன்றின் அமைப்பு, வெளிப்பாடு (எந்தத் திசுவில் எவ்வளவு செயல்படுகிறது என்பது), பணி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது என்செம்பிள் தளத்தைத்தான். மனித ஜீனோம் (முழு டிஎன்ஏ தொகுதி) வரிசை முழுமையடைவதற்கு முன்பே, 1999-இல், ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் சாங்கர் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் இத்தளம் ஒரே தரத்தில் விடை தருவதில்லை.

நன்கு ஆராயப்பட்ட மரபணு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால்தான் இத்தகைய தளத்தின் தரம் தெரியும் என்பதால் மயோஸ்டாட்டினை எடுத்துக்கொண்டேன். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதத்துக்கான மரபணு இது. 1997-இல் சுண்டெலியில் இதைச் செயலிழக்கச் செய்தபோது தசைகளின் எடை இரண்டு முதல் மூன்று மடங்கானது.

அமைப்பைக் காட்டுவதில் குறை சொல்ல இடமில்லை. மூன்று எக்சான்களும் (இறுதி ஆர்என்ஏவில் தங்கும் பகுதிகள்) அவற்றுக்கிடையே இரண்டு இன்ட்ரான்களும் (வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) ஒரே படத்தில் தெரிகின்றன. நிரப்பிய பெட்டி புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதி, வெற்றுப் பெட்டி மொழிபெயர்க்கப்படாத முனை, கோடு இன்ட்ரான். மனிதரில் இம்மரபணு இரண்டாம் குரோமோசோமின் எதிர் இழையில் (டிஎன்ஏவின் இரு இழைகளில் எதிர்த்திசையில் படிக்கப்படுவதில்) அமைந்திருப்பதால் படத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. எக்சான் வரிசையைத் தனியே தரும் பக்கத்துக்குப் போனால் அந்தக் குழப்பம் இல்லை, ஏனெனில் அங்கே டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி) மரபணுவின் திசையிலேயே வருகின்றன. தசை பருத்த பெல்ஜியன் புளூ மாடுகளில் இம்மரபணுவின் மூன்றாம் எக்சானில் 11 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்று படித்தவர், அவை எங்கே விழுகின்றன, வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு) எப்படி நழுவுகிறது, புரதத்தின் செயல்படும் இறுதிப் பகுதி ஏன் உருவாகாமல் போகிறது என்பதையெல்லாம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு விரல்விட்டே எண்ணிப் பார்க்கலாம்.

வெளிப்பாட்டுப் பகுதி சுமார்தான். எந்தத் திசுவில் எவ்வளவு ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) என்ற அட்டவணை மனிதருக்கும் சுண்டெலிக்கும் செழிப்பாக இருக்கிறது. மற்றப் பல விலங்குகளுக்குத் தரவு மெலிந்துவிடுகிறது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

பணியைப் பற்றிய பகுதியில்தான் மிகுந்த கவனம் தேவை. பணிக் குறிப்புகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்று சொல்லும் சான்றுக் குறியீடு உண்டு. அதைப் பாராமல் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்பவர், சோதனையில் கண்டறிந்ததையும் கணினி ஊகித்ததையும் ஒன்றாகக் கருதிவிடுவார். டிஎன்ஏ மாறுபாடுகளின் விளைவைக் கணிக்கும் இத்தளத்தின் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டெக்செல் செம்மறியில் மயோஸ்டாட்டினின் மொழிபெயர்க்கப்படாத பின்முனையில் ஒரு ஜி எழுத்து ஏ ஆக மாறியிருக்கிறது. அம்மாற்றம் தசையில் மிகுந்திருக்கும் மைக்ரோஆர்என்ஏக்கள் (மரபணுவின் நகலில் ஒட்டி அதை அடக்கும் சிறு ஆர்என்ஏக்கள்) வந்து ஒட்டிக்கொள்ள இடம் அமைத்துக் கொடுத்துப் புரத உற்பத்தியைக் குறைக்கிறது என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய மாற்றத்தைக் கருவியிடம் கொடுத்தால், பின்முனை மாறுபாடு என்ற பொதுவான வகைப்பெயரும் விளைவின் தீவிரத்தில் கடைசித் தட்டும்தான் கிடைக்கும். புரதத்தின் எழுத்துகள் மாறாததால் கருவி அப்படி வகைப்படுத்துகிறது. ஆட்டின் உடலோ தசைப்பெருக்கத்தைக் காட்டுகிறது. தீவிரத்தின் அடிப்படையில் வடிகட்டிப் பட்டியலைச் சுருக்குவோர் இதை முதல் சுற்றிலேயே இழந்துவிடுவார்கள்.

நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் எடுக்க பயோமார்ட் வசதி இருக்கிறது, நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். எடுத்த தரவோடு தளத்தின் பதிப்பு எண்ணையும் ஜீனோம் தொகுப்பின் (துண்டுகளாகப் படித்த வரிசைகளைக் கோத்து அமைத்த ஜீனோம் வடிவத்தின்) பெயரையும் குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் தொகுப்பு மாறும்போது அமைவிட எண்கள் எல்லாம் இடம்பெயர்ந்துவிடும். பழைய பதிப்புகள் பலவற்றைக் காப்பகத்தில் திறந்து ஒத்துப் பார்க்கலாம்.