பட்டப்படிப்பில் பொதுப் பாடங்கள்: வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பொருந்தும் வழி எது?

உயர்தரத்துக்கான பாடப்பிரிவைத் தெரிவுசெய்யும்போது ஒரு பிள்ளைக்கு வயது பதினாறோ பதினேழோதான் இருக்கும். அந்த வயதில் உயிரியல் பிரிவுக்குப் போனவர் வரலாற்றையும், கலைப்பிரிவுக்குப் போனவர் கணிதத்தையும் பெரும்பாலும் அன்றோடு கைவிட்டுவிடுகிறார். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தெரிவானாலும், விட்ட பாடங்களை மீண்டும் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு அரிது. தனது துறைக்கு அப்பால் ஒவ்வொரு பட்டதாரியும் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உலகில் ஒன்றோடொன்று போட்டியிடும் பல விடைகள் உள்ளன. அவற்றுள் நான்கை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மாணவரின் நிலையை முன்வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். பரந்த சுதந்திரத் தெரிவைவிட, எல்லாப் பீட மாணவரும் சேர்ந்து கற்கும் சிறிய கட்டாயத் தொகுதி ஒன்றே நமக்குப் பொருந்தும் என்பது என் துணிபு.

முதலில் நம்முடைய முறை. 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே மாணவரைத் தயார்செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதும், பாடத்தில் ஆழ்ந்து போவதே பட்டம் என்ற அந்த மரபு தொடர்ந்தது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995இல் அதேபோல் தொடங்கி இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்தவையே. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. இந்த உழைப்பின் மிகப் பெரும் பகுதி தத்தம் துறைக்கே போகிறது. பொதுவானவை என்று நடப்பவை பெரும்பாலும் ஆங்கிலமும் கணினியும் மட்டுமே.

இந்த முறையின் பலத்தை மறுக்க இயலாது. இங்கே இரசாயனம் படித்தவருக்கு இரசாயனம் உறுதியாகத் தெரியும். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் பாடத்தில் தடுமாறுவது குறைவு. பொதுப் பாடத்தை நடத்தும் விதத்தில்தான் குறை இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பல பீடங்களில் இந்த ஆங்கிலப் பாடநெறியில் சித்தியடைந்தாக வேண்டும், ஆனால் அதன் புள்ளி ஜீபிஏ எனும் சராசரித் தரப்புள்ளிக் கணிப்பில் சேராது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்குள் வராததால் என்ன நடக்கிறதோ அதுவே இங்கும் நடக்கிறது. கணக்கில் வராத பாடத்துக்கு எந்த மாணவரும் இரவில் விழித்திருந்து படிப்பதில்லை.

இதன் விளைவை வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டையொன்றில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் கண்டேன். விவசாயப் பட்டதாரியான இளம் உத்தியோகத்தர் ஒருவர், யூரியா இடுவது பற்றி "டில்லரிங் ஸ்டேஜ்", "நைட்ரஜன் அப்டேக்" என்று பிழையில்லாமல் விளக்கிக்கொண்டு போனார். முன்வரிசையில் இருந்த முதியவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். மேற்கட்டுப் பசளைய எப்ப போடுற, ஏக்கருக்கு எவ்வளவு போடுற? அத மட்டும் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற, வயல்களின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானைதான் அதை நான்கு வசனத்தில் சொல்லி முடித்தார். அந்த இளைஞருக்கு அறிவில் குறைவில்லை. நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கும்படி அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக உள்ள பங்கீட்டு முறை. அங்கே பட்டத்துக்கு வேண்டிய ஏறத்தாழ 120 கிரெடிட்டில் மூன்றிலொரு பங்கு அளவுக்குப் பொதுக் கல்வி ஒதுக்கப்படுவது வழக்கம். எழுத்து, கணிதம், இயற்கை விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம், மொழி, இலக்கியம் போன்ற மானிடப் பண்பியல் துறைகள், கலை என ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் மாணவர் தமக்குப் பிடித்த பாடநெறியை எடுக்கலாம். முதலாம் ஆண்டிலேயே துறையை உறுதிசெய்ய வேண்டிய நெருக்கடி பெரும்பாலும் இல்லை. பொறியியலுக்கென்று வந்தவர் பொருளியலுக்கு மாறுவது அங்கே வியப்பானதல்ல. பதினாறு வயதில் எடுத்த முடிவால் கட்டுண்ட நம் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதலாகத் தோன்றும். கொழும்புத் தனியார் நிறுவனங்கள் சிலவற்றில் முதற்பகுதியைப் படித்துவிட்டு அமெரிக்கா செல்லும் மாற்றுப் பாடநெறிகளில் சேருவோர் முதலில் முடிப்பதும் பெரும்பாலும் இந்தப் பொதுப் பாடங்களைத்தான். பணம் கட்டுமுன் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே எடுத்த ஒவ்வொரு கிரெடிட்டையும் போய்ச் சேரும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் பங்கீட்டு முறைக்குள் ஒரு பலவீனம் உண்டு. பட்டியல் நீளும்போது மாணவர் இலகுவான பாடங்களைத் தேடிப் பொறுக்குகிறார். பத்துப் பாடநெறிகள் படித்த பின்னும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு தெரிவதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் பொதுக் கட்டாயப் பாடங்களையே கைவிட்டு, தெரிவை மாணவரின் பொறுப்பில் விட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் நெருங்கிய ஆலோசனை வழங்கக்கூடிய இடத்திலேயே அந்தத் துணிவு பலிக்கும். நமது நிலப்பரப்பு இன்னொரு தடை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் மட்டக்களப்பு நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் தொலைவில் வந்தாறுமூலையில் இருக்கிறது. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். மற்றொரு வளாகம் திருகோணமலையில். தென்கிழக்கிலோ பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், ஏனைய பீடங்கள் ஒலுவிலில். காலையில் ஆய்வுகூடம், பகலில் வேறு ஊரில் இசை வகுப்பு என்று நேரசூசி போட்டால் மாணவரின் நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும்.

மூன்றாவது முறை, எல்லோருக்கும் ஒரே பாடநெறி. கொலம்பியாக் கல்லூரி முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் சமகால நாகரிகம் பற்றிய கட்டாய வகுப்பைத் தொடங்கியது. அது இன்றும் சிறு குழுக் கலந்துரையாடலாக நடக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹொங்கொங். அங்கும் பிரித்தானிய வழியில் வந்த மூன்றாண்டுப் பட்டமே இருந்தது. 2012இல் அதை நான்காண்டாக்கியபோது கூடிய காலத்தில் பொதுக் கல்விக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவரும் வணிக மாணவரும் ஒரே இரண்டு அடிப்படைப் பாடநெறிகளைக் கற்கிறார்கள். ஒன்று மானுடம் பற்றியது, மற்றது இயற்கை பற்றியது. மூல நூல்களின் பகுதிகளை வாசித்து, விவாதித்து, எழுதுவதே வேலை. பட்டியல் குறுகியதால் விரிவுரையாளருக்குப் பயிற்சி கொடுப்பதும் தரம் பேணுவதும் இயலக்கூடிய காரியமாகிறது. அதே பாடநெறியை வளாகந்தோறும் நடத்தலாம் என்பதால், மாணவர் ஊர் ஊராக அலையவும் வேண்டியதில்லை.

நான்காவதாகத் தமிழ்நாட்டு முறை. நம்மவர் சிலர் சென்னைக்கும் திருச்சிக்கும் படிக்கப் போவதால் இதையும் சேர்க்கிறேன். அங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்பது நெடுநாள் அமைப்பு. சுற்றுச்சூழல் கல்வி போன்றவை அதன்பின் வரும். பௌதிகவியல் மாணவர் பட்ட வகுப்பிலும் தமிழ் படிக்கிறார் என்பது நாம் மதிக்க வேண்டிய ஒன்று. ஆயினும் மொழிப்பாடம் பெரும்பாலும் செய்யுளும் உரைநடையுமாக நின்றுவிடுகிறது. தன் துறையைத் தமிழில் எழுதும் பயிற்சி அதில் தானாக வந்துவிடாது.

ஆகவே மூன்றாம் முறையின் வடிவத்தையும் நான்காம் முறையின் மொழி அக்கறையையும் சேர்த்து, இரண்டு பாடநெறிகளை நமது இரு பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும் என்று கருதுகிறேன். முதலாவது எழுத்து. தன் துறையின் ஒரு விடயத்தை ஆங்கிலத்தில் துறைசார்ந்தோருக்கும், தமிழிலோ சிங்களத்திலோ பொதுமக்களுக்கும் எழுதுவது. விஞ்ஞானம், பொறியியல் போன்ற பீடங்களில் சிங்கள மாணவரும் படிப்பதால், அவரவர் தாய்மொழிக்கு இடமளிப்பதே நியாயம். இரண்டாவது, இந்த மண்ணின் ஒரு பிரச்சினையைப் பல துறைகளின் கண்ணால் ஆராய்வது.

அதற்குப் பாலமீன்மடு முகத்துவாரத்தைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மாரி வெள்ளத்தில் மட்டக்களப்பு வாவி நிரம்பும்போது மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விட வேண்டுமா, எப்போது விட வேண்டும் என்ற வாதம் எழுகிறது. தாழ்ந்த வயல்காரருக்குப் பயிர் அழுகும் முன் வெட்ட வேண்டும். வாவி மீனவருக்கோ மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்ற கவலை. நீரியல், உவர்த்தன்மை, பயிரின் பருவம், சந்தை விலை, சட்டம், ஊர் வழமை என எல்லாம் இந்த ஒரு முடிவுக்குள் அடங்கியிருக்கின்றன. வணிக மாணவர் மழைவீழ்ச்சி வரைபை வாசிக்கவும், விஞ்ஞான மாணவர் மீனவரின் வாக்குமூலத்தை எழுதவும் இங்கே கற்றுக்கொள்வர். அம்பாறையில் இதே இடத்தைக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர்ப்பங்கீடு வகிக்கலாம். துறை கடந்த கல்வி நமக்குப் புதிதுமல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, பின்னர் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் வெளியான யாழ்நூலில் இசையைக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்தவர்.

நேரம் எங்கே என்று பீடங்கள் கேட்கும். ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட் என்றால் இரண்டுக்கும் ஆறு. அதாவது 300 மணித்தியாலம். 90 கிரெடிட் பட்டத்தில் அது பதினைந்தில் ஒரு பங்கு, 120 கிரெடிட் பட்டத்தில் இருபதில் ஒரு பங்கு. இதற்காகப் பட்டத்தை ஓராண்டு நீட்டத் தேவையில்லை. வாடகை அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்கவும் முடியாது. விரிவுரையாளர் பற்றாக்குறை உண்மையான தடை. முப்பது பேர் கொண்ட குழுவில் நடக்க வேண்டிய விவாதத்தை முந்நூறு பேர் மண்டபத்தில் விரிவுரையாக்கினால் பாடநெறி பெயருக்கு மட்டுமே இருக்கும். எனவே ஒரு பீடத்தில் சிறிதாகத் தொடங்கி வளர்ப்பதே நல்லது. எங்கே தொடங்கினாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: அந்த ஆறு கிரெடிட்டும் முதல் நாளிலிருந்தே ஜீபிஏ கணிப்பில் சேர வேண்டும்.