டவுனில் ஸ்லைம் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: அந்த வெள்ளைப் பவுடரைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்

பத்து நாள் பொறுத்திருந்துதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் வெறும் கோபம்தான் வந்திருக்கும், சொல்ல வேண்டியது விடுபட்டுப் போயிருக்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதிலிருந்து மகள் ஸ்லைம், ஸ்லைம் என்று ஒரே கரைச்சல். பசையும் பவுடரும் கலந்து, கையால் பிசைந்து இழுத்து விளையாடுகிற கொழகொழப்பான பொருள் அது. திருகோணமலை டச்சு பே கடற்கரைக்குக் கூட்டிப் போனாலும் அதே கதை, மத்தியானம் வெயிலில் வெளியே விடவும் முடியாது. சரி, வீட்டுக்குள் இருந்து செய்யட்டும் என்று டவுனில் ஒரு கடையில் 'ஸ்லைம் செய்யும் பெட்டி' ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பச்சை மூடி போட்ட இரண்டு போத்தல் பசை, சின்னப் பொலித்தீன் பைகளில் வெள்ளைப் பவுடர், மினுக்கத் தூள், இரண்டு கலர். பெட்டியிலும் போத்தலிலும் லேபிள் இல்லை. யார் செய்தது, எங்கே செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, ஒரு எழுத்து கிடையாது. கேட்டதற்குக் கடைக்காரர், "அது பேக்கிங் சோடாதான் அக்கா, பயமில்லை. சரிவராவிட்டால் இன்னும் கொஞ்சம் பவுடரைப் போடச் சொல்லுங்கோ, இறுகி வரும்" என்றார். அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் இவ்வளவும் நடந்தது.

வீட்டில் பிள்ளைகள் கலக்கினார்கள். சேரவில்லை. சளி மாதிரி நூல் நூலாக இழுபட்டது, கையில் ஒட்டியது, சட்டியின் அடியில் தண்ணீர் தனியாக நின்றது. கடைக்காரர் சொன்னபடி இன்னொரு பை பவுடர் போட்டோம். இப்போது சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன, பிசைந்தால் தூளாக உதிர்ந்தன, சுற்றிவர அதே தண்ணீர். மகள் விடாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் கையால் பிசைந்தாள். நான் குசினியில் நின்றேன். மூன்றாவது பையையும் அவளே பிரித்துப் போட்டிருக்கிறாள். அதற்கு நான்தான் சரி சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இரவு "அம்மா, கை எரியுது" என்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து, விரல் இடுக்குகளில் தோல் காய்ந்து வெடித்திருந்தது. சோறு குழைக்க முடியவில்லை, உப்பும் புளியும் பட்டால் அழுகிறாள். மூன்று நாள் நான்தான் ஊட்டிவிட்டேன். டொக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "என்ன பவுடர் அது?" என்றுதான். பேக்கிங் சோடா என்றேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்காது, எதற்கும் அந்தப் பையை எடுத்து வாருங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி பவுடரில் வினாகிரி விட்டுப் பார்த்தேன். பேக்கிங் சோடா என்றால் நுரைத்துப் பொங்க வேண்டும். இது அசையவே இல்லை, ஈர மணல் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் குசினியிலிருந்த சோடாவைப் போட்டு அதே வினாகிரியை விட்டேன், சீறிக்கொண்டு எழும்பியது. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் நகை வேலை செய்கிற மாமா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், பேசவில்லை. மண் ஓட்டில் ஒரு சிட்டிகை வைத்து ஊதுகுழாயால் நெருப்பைக் காட்டினார். பவுடர் முதலில் பொரி மாதிரி உப்பிப் பெருத்தது, பிறகு அப்படியே அமுங்கி உருகி ஒரு சொட்டுக் கண்ணாடியாக நின்றது. "இது வெங்காரம் பிள்ளை. நாங்கள் பற்றவைக்கப் போடுகிறது. இதையா குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிறார்கள்?" என்றார். அவருடைய தகர டப்பாவிலும் அதே தூள்தான்.

வெங்காரம் என்பது போராக்ஸ். ஸ்லைமை இறுக்குவது அதுதான், அதில் பொய்யில்லை. 1976இல் அமெரிக்காவில் முதன்முதல் கடைக்கு வந்த ஸ்லைமிலும் அது இருந்தது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நிறைய வித்தியாசம். கனடாவின் சுகாதார அமைச்சு 2016இலேயே, வீட்டில் ஸ்லைம் செய்யவோ கைவேலைக்கோ வெங்காரம் பாவிக்க வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒட்டுகிற வகை விளையாட்டுப் பொருளிலிருந்து வெளிவரும் போரான் (வெங்காரத்தில் இருக்கிற மூலகம்) கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 2018இல் பிரித்தானியாவில் ஒரு நுகர்வோர் அமைப்பு 11 ஸ்லைம்களைச் சோதித்தது, அதில் 8 அந்த அளவைத் தாண்டியிருந்தன. அவை ஆயத்தமாகக் கலந்து விற்ற பொருட்கள். எங்கள் பிள்ளையின் கைக்கு வந்தது அளவே இல்லாமல் பையோடு கொட்டிய தூள். தோலையும் கண்ணையும் எரிக்கும், வாய்க்குள் போனால் வாந்தி, வயிற்றோட்டம். அதிக அளவில் உடலில் சேர்ந்தால் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும் என்பதால்தான் ஐரோப்பாவில் இவ்வளவு கட்டுப்பாடு. என் மகன் எதையும் வாயில் வைக்கிற பிள்ளை. அன்றைக்கு அவன் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பவுடர் மட்டுமில்லை, பசையும் ஏமாற்றுத்தான். ஸ்லைம் வருவது பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையில்தான். அதற்குள் நீள நீளமான மூலக்கூறுகள் நூல் மாதிரிக் கிடக்கின்றன, வெங்காரத்திலிருக்கிற போரேட் வந்து அந்த நூல்களை அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு அளவாக விழுந்தால் இழுபடும், கூடிப்போனால் றப்பர் மாதிரி இறுகி உதிரும். நூலே இல்லாத பசையில் எவ்வளவு பவுடர் கொட்டினாலும் முடிச்சுப் போட ஒன்றுமில்லை. ஒரு எவர்சில்வர் தட்டில் மகளின் பள்ளிக்கூடப் பசை ஒரு சொட்டு, பெட்டியில் வந்த பசை ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். பள்ளிக்கூடப் பசை காய்ந்து தெளிவான பிளாஸ்டிக் தோலாக நகத்தால் உரிந்து வந்தது. மற்றது வெள்ளைப் பொருக்காக வெடித்து, சுரண்டினால் மாவாகக் கொட்டியது. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தால் புளித்த மணம். கோதுமை மாக் கஞ்சியில் கொஞ்சம் பசையைக் கலந்து போத்தலில் அடைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆக, பசை சரியில்லாததால் சேரவில்லை, சேரவில்லை என்பதற்காகப் பவுடரைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டிய பவுடர் பிள்ளையின் கையைத் தின்றது.

கடைக்குத் திரும்பிப் போனேன், பையையும் டொக்டரின் துண்டையும் கொண்டு. முதலில் "உங்கட பிள்ளைக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். பிறகு "எங்களுக்கும் கொழும்பிலிருந்துதான் வருது" என்றார். பில் இருக்கிறதா என்று கேட்டார். பில் அவர்தான் தரவில்லை. காசும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை. என் கணவரும் வந்திருந்தார், சத்தம் போட வேண்டாம் என்று என்னைக் கூட்டி வந்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொன்னோம், எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்பதால், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். எந்தக் கடையில் எது வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் ஸ்லைமை விடப் போவதில்லை, அதனால் நாங்கள் இப்போது எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னவனுக்கு இசப்கோல்தான். பார்மசியில் கிடைக்கும், மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே பொருள். தூளாக இருந்தால் ஒரு தேக்கரண்டி, ஒரு கப் தண்ணீர், கேசரிக் கலர் துளி. கட்டி இல்லாமல் கரைத்துச் சின்ன நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் சட்டியின் ஓரத்தை விட்டுக் களி மாதிரித் திரண்டு வரும். நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள், உள்ளே சூடு நிற்கும். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் கிண்ட வேண்டும், இறுகினால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுத் திரும்பச் சூடாக்க வேண்டும். வெங்காரமும் இல்லை, பசையும் இல்லை. பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் வைக்காதீர்கள்.

பெரியவளுக்குக் கை முழுதாக ஆறிய பிறகுதான். அரைக் கப் பள்ளிக்கூடப் பசை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் சோடா, ஒரு மேசைக்கரண்டி கண் லென்ஸ் கழுவுகிற திரவம். போத்தலின் பின்பக்கத்தில் போரிக் அமிலம் அல்லது சோடியம் போரேட் என்று இருந்தால்தான் சேரும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. இதிலும் போரான் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தூளை அள்ளிக் கொட்டுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதையும் நான்தான் அளந்து ஊற்றிக் கலக்கிறேன், திரண்ட பிறகுதான் அவள் கைக்குப் போகும். வெடிப்போ காயமோ உள்ள கைக்கு இதுவும் வேண்டாம். தச்சு வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசையிலும் வரும் என்று சிலர் சொல்வார்கள், வரும்தான், ஆனால் பழுதாகாமலிருக்க அதில் சேர்க்கிற மருந்துகள் சில பேரின் தோலுக்கு ஆகாது. கரம் போர்ட்டுக்குப் போடுகிற பவுடரைப் போடச் சொல்லி ஒரு தெரிந்த அக்கா சொன்னார். தயவுசெய்து வேண்டாம், போரிக் பவுடர் என்று விற்கிறது போரிக் அமிலம்தான், அதுவும் இதே குடும்பம்.

கையில் ஒட்டுகிறதென்றால் உடனே எதையும் சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடம் நன்றாகப் பிசைந்தாலே பாதி ஒட்டல் போய்விடும். அதற்குப் பிறகும் ஒட்டினால் லென்ஸ் திரவத்தில் இரண்டு மூன்று துளி, அவ்வளவுதான். றப்பர் மாதிரி இறுகி அறுந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுத்துப் பிசையுங்கள். பார்மசியில் வாங்குகிற கிளிசரின் சில துளி, அல்லது கைக்குப் பூசுகிற லோஷன் கொஞ்சம் விட்டாலும் இளகும். பவுடர் கூடி உதிர்ந்ததைத் திருத்தப் பார்க்காதீர்கள், குப்பைதான். சட்டையிலோ பாயிலோ பிடித்தால் வினாகிரி விட்டுத் தேயுங்கள், புளிப்பு அந்த முடிச்சை அவிழ்த்துவிடும்.

எங்கள் ஊர்க் காலநிலையையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் திறந்து வைத்தால் ஒரு பின்னேரத்திலேயே மேல் தோல் காய்ந்துவிடும், மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். மத்தியான வெக்கையில் தொளதொளத்து ஓடினால் பவுடர் போதவில்லை என்று நினைக்காதீர்கள், பிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பழைய பதத்துக்கு வரும். மாரியில் ஈரம் குடித்து ஒட்டும், பூஞ்சணமும் பிடிக்கும், அப்போது வீசிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி ஏற்கனவே இருந்தால் பவுடர்ப் பையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள், முறைப்பாடு கொடுக்க அது வேண்டும். கையில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், கண்ணில் பட்டால் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள். யாராவது விழுங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், பையையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

மகளின் கையில் புதுத் தோல் வந்துவிட்டது, நேற்றுத்தான் தன் கையாலேயே சோறு சாப்பிட்டாள். இன்று காலை அந்தக் கடையைத் தாண்டி ஓட்டோவில் வந்தேன். பெட்டிகள் இன்னும் வாசலில் தொங்குகின்றன, ஒரு தாய் மகனைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் அவரிடம் சொன்னேன். அவர் வாங்கவில்லை.