டாடா எஸ்டேட்டுடன் 11 வருடம்: எஞ்சின் அல்ல, ரப்பர்

2014 கடைசியில் இந்த வண்டியை வாங்கப் பொள்ளாச்சிக்குப் போனபோது, விற்றவர் முதலில் பேனட்டைத் திறந்து காட்டினார். நானும் அங்கேயே அரைமணி நேரம் குனிந்து நின்றேன். டீசல் வண்டி, எஞ்சின் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பு. குனிந்து பார்த்திருக்க வேண்டிய இடம் டிக்கி. அது எனக்குப் புரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

வண்டி 1996 மாடல் டாடா எஸ்டேட். இப்போது 25 வயதில் இருப்பவர்களில் பலர் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். 1992இல் வந்து 2000 வாக்கில் நின்றுபோன ஸ்டேஷன் வேகன் இது. அடித்தளம் டாடாமொபைல் பிக்கப்புடையது. டேஷ்போர்டு 1991இல் வந்த சியராவுடையது. பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ, ஆர்பிஎம் மீட்டர் எல்லாம் உண்டு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய சங்கதி. சியரா பெயர் 2025இல் புது வண்டியாகத் திரும்பி வந்துவிட்டது. எஸ்டேட்டை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

60,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஓடோமீட்டர் 1,62,000இல் நின்றிருந்தது. கேபிள் அறுந்து எத்தனை வருடம் ஆயிற்றென்று யாருக்கும் தெரியாது. கேபிள் மாற்றியபின் நான் ஓட்டியது 74,000 கிலோமீட்டர். இங்கே சொல்வதெல்லாம் அந்த 74,000த்தைப் பற்றித்தான்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதற்கான பாராட்டு. இதன் பெயர் 483 டிஎல். நாலு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), பெயரிலேயே ஜாதகம். 1948 சிசி, டர்போ இல்லை, எழுபது குதிரைத்திறனைத் தொடாது. வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு விட்டுத்தான் போகவேண்டும். ஆனால் இதே எஞ்சின்தான் 1994இல் வந்த சுமோவிலும், 207 பிக்கப்பிலும் இருந்தது. அதனால் கோவையில் எந்த ஸ்பேர் கடையிலும் "பழைய சுமோவுக்கு வேணும்" என்று கேட்டால் பொருள் வந்துவிடும். எஸ்டேட் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் கடைக்காரர் உள்ளே போய்ப் பார்க்காமலேயே "இல்லைங்க" என்பார். முதல் ஒரு வருடம் நான் எஸ்டேட் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாங்கிய வாரமே, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றினேன். எப்போது மாற்றியதென்று தெரியாத பெல்ட் இருந்தால் முதலில் அதைத்தான் செய்யவேண்டும்; அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். கூடவே ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. நம்ம ஊர் வைத்தியம் இது: சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி. பிடுங்கினால் சூடு காட்டும் முள் ஏறாதுதான். ஆனால் இந்த மாதிரி ஹீட்டர் பிளக் போட்டுக் கிளப்புகிற பழைய டீசல், சூடு ஏறாமல் ஓடினால் வெள்ளைப் புகை கக்கும், டீசலையும் குடிக்கும். புதிதாக ஒன்றைப் போட்டபின் லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி ஊருக்குள் 13, நெடுஞ்சாலையில் 15 என்று வந்தது.

இனி ரப்பர் கதை.

2016இல் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. பத்துப் பன்னிரண்டு விநாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுவதும் தொந்தரவு இல்லை. ஒருவர் பேட்டரி என்றார், மாற்றினேன். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றினார். மூன்றாமவர், "டீசல் பம்ப் போச்சுங்க சார், இறக்கி சர்வீஸ் பண்ணா 18,000 ஆகும்" என்றார். பணம் இல்லாததால் தப்பித்தேன்.

காரணத்தைப் பிடித்தது என் மனைவி. "நேத்து ராத்திரி ரிவர்ஸ்ல உள்ள விட்டீங்கல்ல? இன்னைக்கு ஒரே செல்ஃப்ல எடுத்துடுச்சு." எங்கள் போர்ட்டிகோ தெருப்பக்கம் சரிவாக இருக்கும். ரிவர்ஸில் விட்டால் வண்டியின் மூக்கு கீழே, பின்னாலுள்ள டேங்க் மேலே. நேராக விட்டால் டேங்க் கீழே. அப்படியென்றால் ராத்திரி முழுக்க லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. எங்கேயோ ஏர் பிடிக்கிறது!

பைக்குக்குப் போடும் ஒளி ஊடுருவும் பெட்ரோல் டியூப் ஒரு முழம் வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டினேன். செல்ஃப் அடித்ததும் சோடா மாதிரிக் குமிழி. அதே டியூபை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனதில், டேங்கிலிருந்து வரும் இரும்பு லைனை இணைக்கும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிந்தது. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே ஒழுகவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் அப்படித்தான்: காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. மூன்று அடி ஹோஸ், இரண்டு கிளிப், 190 ரூபாய். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த டியூபில் ஒரு முழத்தை டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.

அடுத்தது பிரேக். வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கும்போது பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. பெடலை லேசாக்கும் பூஸ்டர் வாக்வத்தில், அதாவது காற்று உறிஞ்சிய வெற்றிடத்தில், வேலை செய்கிறது. பெட்ரோல் வண்டிபோல டீசலில் எஞ்சின் காற்று இழுக்கும் குழாயில் (இன்டேக்) அது கிடைக்காது. தனியாக ஒரு வாக்வம் பம்ப் வேண்டும். இந்த வண்டியில் அது டைனமோவின் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. வாக்வம் இல்லாவிட்டாலும் இரு காலையும் ஊன்றினால் நிற்கும், ஆனால் அதை ஒன்பதாவது வளைவில் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டாம் கியரிலேயே இறக்கி வந்து சேர்ந்தேன். மறுநாள் பார்த்தால் பம்ப் நன்றாகத்தான் இருந்தது. பூஸ்டருக்குப் போகும் ரப்பர் பைப் இறுகிக் கீறல் விட்டிருந்தது. அதன்பிறகு மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்: எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கிவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்வது. பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கினால் வாக்வம் வருகிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை.

மூன்றாவது, எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தரும் அந்தப் பம்பே. 18,000 கதை கடைசியில் 2021இல் நிஜமானது. மைக்கோ பம்பின் மேல் மூடியிலும் ஆக்சிலரேட்டர் ஷாஃப்டிலும் டீசல் கசிய ஆரம்பித்தது. இந்தச் சுழல் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் மசகு. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் பிஎஸ்6 என்ற மாசு விதிப்படியான டீசல், கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் மசகுத் தன்மையும் குறைகிறது, அதற்குத் தனியாக மருந்து கலக்கிறார்கள். பழைய ரப்பர் சீலை உப்பவைத்துக் கொண்டிருந்த சில பொருட்களும் அதில் குறைவு. இருபது வருடம் பழைய டீசலில் ஊறிய சீல் சுருங்கிக் கசியும். புது சீல் போட்டபின் இந்த வண்டிக்குப் புது டீசலால் எந்தத் தொந்தரவும் வரவில்லை. பம்ப் கடைக்காரர் சீல் கிட் மாற்றி, கேலிப்ரேஷன் செய்து, நாசில்களையும் பார்த்து 14,500 வாங்கினார். முனகாமல் கொடுத்த பணம் இது ஒன்றுதான். வீட்டில் செய்ய ஆசைப்படாதீர்கள். அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும்.

புதுச் சாமான் என்று விற்கும் ரப்பரிலும் ஒரு பொறி உண்டு. முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை), பழைய ஸ்டாக், சீல் பிரிக்காத பெட்டி என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன். ஆறு மாதத்தில் பொடிந்தது. பெட்டிதான் புதுசு, உள்ளே இருந்தது இருபது வருடக் கிழம். இப்போது கணபதியில் ஒரு லேத்தில் வெளிக்கூட்டைக் கொடுத்துப் புது ரப்பர் வார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

சரி, டிக்கிக்கு வருவோம். 2015 மழையில் வண்டிக்குள் ஒரு முடை நாற்றம். எலி என்று நினைத்தோம். 2016 மழையில் கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே இருந்த ஃபெல்ட் குளமாக இருந்தது. அதற்கும் கீழே, தரையில், தெருவே தெரிந்தது. பின்பக்க நீளக் கண்ணாடிகளின் பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) வழியாகவும் டிக்கிக் கதவின் பீடிங் வழியாகவும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முன்னால் பெயின்ட் அடித்த யாரோ கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். துருவின் மேல் பட்டி, பட்டியின் மேல் பளபளப்பு.

டிங்கர் அண்ணனிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தேன்: துரு இருக்கும் தகடு வெட்டப்படவேண்டும், மூடப்படக் கூடாது. அவர் சிரித்தார். "அப்படி வெட்டினா வண்டில பாதி இருக்காதுங்க." மூன்று வாரம் ஆனது. தரையில் நாலு ஒட்டு, வெல்டிங், எபாக்ஸி பிரைமர். துளைகளைச் சைக்கிள் ஸ்போக்கால் நானே குத்தித் திறந்தேன், இன்றும் ஆடிக்கு ஒருமுறை குத்துகிறேன். துருவுக்குப் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. பக்கத்தில் இருக்கும் ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும், வேண்டாம்.

பீடிங் மாற்றியதில் எதிர்பாராத ஒரு பலன். பின்சீட்டில் உட்கார்ந்தால் என் மகளுக்கு எப்போதும் வாந்தி வரும். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றிருந்தோம். செங்குத்தாக முடியும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. சைலன்சர் புகை அங்கேயே சுழன்று, டிக்கி பீடிங் இடைவெளியில் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. புது பீடிங் போட்டபின் வாந்தி நின்றது. ஸ்டேஷன் வேகன், மாருதி ஆம்னி எது வைத்திருந்தாலும் இதைப் பாருங்கள்.

நோட்டுக் கணக்கில் டீசல் தவிர இதுவரை 2,85,000 ஆகியிருக்கிறது. வீட்டில் வேறொரு வண்டி இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். ஆபீஸ் போக இதை மட்டும் நம்பினால் வாரத்தில் ஒருநாள் பஸ்தான். 2026இல் ஆர்சி மறுபடி புதுப்பிக்கவேண்டும். 2021இல் 600 ரூபாய் கட்டினேன். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆகி, 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருடம் தாண்டிய காருக்கு 10,000. டெல்லியில் இவ்வளவு பழைய டீசலை ஓட்டவே விடமாட்டார்கள் என்பதை நினைத்துக் கட்டிவிடலாம்.

2019இல் தெருப் பையன்கள் அடித்த பந்து இடதுபக்கப் பின் கண்ணாடியைத் தூளாக்கியது. டஃபன்டு கண்ணாடியை அளவெடுத்து வெட்டித் தரமுடியாது. ஐந்து மாதம் அக்ரிலிக் ஷீட்டோடு ஓட்டினேன். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றியும் கிடைக்கவில்லை. கடைசியில் உக்கடத்தில் உடைக்கப் போட்டிருந்த ஒரு எஸ்டேட், சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, கண்ணாடி மட்டும் முழுசாக. ஒன்றை மட்டும் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். மொத்தமாக 6,500க்கு எடுத்தேன். இடதுபக்கத்தது வண்டியில் இருக்கிறது. வலதுபக்கத்ததும் டிக்கிக் கண்ணாடியும் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வீடு கூட்டும்போது மட்டும் மனைவி அதை என்னைவிட ஜாக்கிரதையாக நகர்த்துகிறாள்.