மலை ரோட்டுக்கு சொகுசு கார்: புதியதா, பழையதா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. புதிய பென்ஸ் ஈ-கிளாஸ் வாங்குகிறவர் காரின் விலையோடு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, ஆடம்பர வரி, 18 சதவீத வற் வரி எல்லாவற்றையும் சேர்த்தே கட்டுகிறார். லீசிங் போட்டால் அந்த வரிப்பணத்துக்கும் வட்டி போகும். கிடைப்பது உத்தரவாதமும் நிம்மதியும்.

பழைய காரில் காசு மிச்சம். ஆனால் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். றம்பொடைக் கணவாய் போன்ற மலை இறக்கத்தில் வருடக்கணக்காக இறங்கிய கார் என்றால் பிரேக் டிஸ்க்கின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் தேய்ந்துவிட்டது. ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) உள்ள காரை இரவு நிறுத்திவிட்டு விடியப் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் படுத்திருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். நுவரெலியாப் பனியில் நின்ற கார் என்றால் கால்மிதியைத் தூக்கி, அடியில் ஈரமும் துருவும் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதையும்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பழையதுதான்: சேர்விஸ் பதிவு முழுதாக உள்ள கார். மிச்சப் பணத்தில் ஒரு பங்கை பிரேக்குக்கும் டயருக்கும் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.