அமுக்கரா என்று வந்தது ஊமத்தை: மூலிகை விதைத் தொகுப்பு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இணையத்தில் மூலிகை விதைத் தொகுப்பு வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் நான் வாங்கிய தொகுப்பில், ‘அமுக்கரா’ (அஸ்வகந்தா) என்று சீட்டு போட்டிருந்த பொட்டலத்திலிருந்து முளைத்து வளர்ந்தது ஊமத்தை. அதன் வேரைத் தோண்டிக் காயவைத்துப் பொடித்து, மூட்டுவலியால் அவதிப்படும் என் மாமியாருக்குப் பாலில் கலந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் செடியை நான்கு மாதம் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. சளிக்குத் தூதுவளை, இருமலுக்கு ஆடாதோடை, காமாலைக்குக் கீழாநெல்லி என்று எங்கள் ஆச்சி புழங்கிய செடிகளையெல்லாம் மொட்டைமாடியில் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாற்று வாங்கி நட்டால் செடி மட்டும்தான் கிடைக்கும். விதையிலிருந்து வளர்த்தால் வித்திலை தொடங்கிக் காய் வெடிப்பது வரை ஒவ்வொரு பருவத்தையும் கண்ணால் பார்க்கலாம், விதை எடுத்து உறவினருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ‘30 வகை அரிய மூலிகை விதைகள்’ என்ற விளம்பரத்தை ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்தில் பார்த்து, 1,350 ரூபாய் கட்டினேன்.

வந்தவை விரல் நீளப் பிளாஸ்டிக் பொட்டலங்கள். உள்ளே விதையோடு ஒரு சீட்டு. அதில் தமிழ்ப்பெயரும், ‘பயன்’ என்று ஒரு வரியும் மட்டுமே இருந்தன. தாவரவியல் பெயர் இல்லை, விதை எடுத்த மாதமோ ஆண்டோ இல்லை, எந்த ஊரில் எடுத்தது என்பதும் இல்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எது என்று உறுதியாகச் சொல்லாமல் எதற்கு நல்லது என்று மட்டும் சொல்லும் சீட்டைவிட ஆபத்தானது ஒரு விதைப் பொட்டலத்தில் வேறொன்றும் இருக்க முடியாது என்பதை இப்போது உணர்கிறேன்.

கருந்துளசி என்று வந்த விதை கன்னங்கரேலென்று இருந்தது. தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையும் வழவழப்பான உறை கட்டிக்கொண்டு தவளை முட்டைபோல் வீங்கியது. சர்பத்தில் போடும் சப்ஜா விதை, அதாவது திருநீற்றுப்பச்சிலையின் விதை, அப்படித்தான் வீங்கும். துளசி விதை செம்பழுப்பாக இருக்கும், இந்த அளவுக்கு உறை கட்டாது. பூனைக்காலி என்று வந்தது, முளைத்துக் கொடியோடி மொச்சையாகக் காய்த்தது. வசம்பை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, வேர்க்கிழங்கை வெட்டித்தான் நடுவார்கள். அதற்கும் ஒரு பொட்டலம் விதை இருந்தது, அது முளைக்கவே இல்லை. வேப்பங்கொட்டை உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கிவிடும், நாவல் கொட்டை காய்ந்தாலே செத்துவிடும். இரண்டும் வற்றிச் சுருங்கி வந்திருந்தன. செங்காந்தள் விதையோடு ‘ஒரே மழைக்காலத்தில் பூக்கும்’ என்ற வாக்குறுதியும் வந்தது. விதையிலிருந்து வளரும் செங்காந்தள் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகும். அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அதைப் பயிரிடும் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று கிழங்கை நட்டே வளர்க்கிறார்கள். அந்தச் செடி முழுவதும் நஞ்சு என்ற ஒரு வார்த்தை அந்தச் சீட்டில் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் தூதுவளை, சங்குப்பூ, ஆவாரை, நித்தியகல்யாணி, கீழாநெல்லி ஆகியவை சரியாகவே வந்தன. ஆனால் அவற்றில் பாதி எங்கள் தெருவோரத்திலேயே கிடைப்பவை.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சீட்டில் ‘பயன்: சளி, குரல்வளம்’ என்று இருந்தது. நாட்டு வைத்தியத்தில் அதன் இலையை அப்படிப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் பொட்டலத்தில் இருந்தது இலை அல்ல, அப்ரின் என்ற கொடிய நஞ்சு அடங்கிய விதை. பல்லாங்குழியில் குன்றிமணி வைத்து விளையாடித்தானே வளர்ந்தோம் என்று பலர் கேட்பார்கள். அதன் தோல் கல்போல் கடினமானது என்பதால், முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, உடைந்த விதை உள்ளே போனாலோதான் உயிருக்கே ஆபத்து. விதை போடுகிறவர்கள் முதலில் செய்வதே அந்தத் தோலை உரசிக் கீறித் தண்ணீர் உள்ளே இறங்க வழிசெய்வதுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். காப்பாக இருக்கும் தோலை நாமே திறந்து, ஒரு கிண்ணத்தில் இரவெல்லாம் ஊறப்போடுகிறோம். நான் ஊறவைத்த கிண்ணம் சமையலறை மேடையில் இருந்தது, வீட்டில் அப்போது நான்கு வயதுக் குழந்தை விருந்துக்கு வந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த இரவை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

இனி அமுக்கராவுக்கு வருகிறேன். ஆடியில் விதைத்தேன், ஒழுங்கில்லாமல் இரண்டு, மூன்று வாரம் வரை ஒவ்வொன்றாக முளைத்தது. அமுக்கராவும் ஊமத்தையும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், நாற்றாக இருக்கும்போது பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. செடிகள் மளமளவென்று வளர்ந்ததைப் பார்த்து மண் வாகாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஐப்பசியில் ஒருநாள் மாலை, அடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வியர்வை கசிந்த வலக்கண்ணைப் புறங்கையால் துடைத்தேன். இரவு படிக்க உட்கார்ந்தபோது எழுத்துகள் கலங்கின. கண்ணாடியில் பார்த்தால், இடக்கண்ணின் பாவை மிளகளவு இருக்க, வலக்கண்ணில் கருவிழியின் நிறமே தெரியாத அளவுக்குப் பாவை விரிந்து கிடந்தது. பக்கவாதமோ, மூளையில் இரத்தக்கசிவோ என்று பயந்து, இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓடினோம். பாவையைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார்கள், அது சுருங்கவில்லை. அதன்பிறகுதான் அந்த மருத்துவர், “வீட்டில் ஊமத்தைச் செடி இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். “செடி எதையாவது தொட்டீர்களா?” என்றார். அமுக்கரா என்றேன். “அது பூத்துவிட்டதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பாவை பழைய அளவுக்குத் திரும்ப நான்கு நாள் ஆயிற்று. அடுத்த வாரமே மொட்டு விட்டது. விரலைவிட நீளமாக, முறுக்கிய துணிபோல் நின்ற அந்த மொட்டு ஒரு மாலையில் வெள்ளைப் புனலாக விரிந்தது. பூக்கட்டும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்த உடனே, “இது ஊமத்தைல்லா, சிவனுக்குச் சாத்துற பூவு. இதப் போயா தாயி அமுக்கராங்க?” என்றார். ஊமத்தையின் வேரிலும் இலையிலும் விதையிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நஞ்சுகள் இருக்கின்றன. இலைச்சாறு கண்ணில் பட்டதற்கே இந்தப் பாடு என்றால், வேர்ப்பொடி எழுபத்து மூன்று வயதான ஒருவரின் உடலுக்குள் போயிருந்தால் வாய் வறண்டு, இதயம் படபடத்து, அறிவு கலங்கி என்ன ஆகியிருக்கும்! அமுக்கரா வேரை விதைத்த ஐந்து, ஆறு மாதத்தில் தோண்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு மாதமே பாக்கி இருந்தது.

பொட்டலத்தில் மிச்சமிருந்த விதையைப் பிறகு உண்மையான அமுக்கரா விதையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அமுக்கரா விதை சிறிய கத்தரி விதையளவில் மஞ்சளாக இருக்கிறது. வந்ததோ அதைப்போல் இரண்டு மடங்கு பெரிது, தட்டையானது, காதுமடல்போல் வளைந்து மிளகாய் விதையை ஒத்திருக்கிறது. செடியிலும் அடையாளங்கள் உண்டு. அமுக்கராவின் தண்டிலும் இலையிலும் வெண்மையான நுண்மயிர் படிந்திருக்கும். பூ இலைக்கக்கத்தில் கொத்தாக, பச்சை கலந்த மஞ்சளில், கண்ணுக்கு எளிதில் படாத அளவு சிறியதாக இருக்கும். பழம் சொடக்குத் தக்காளிபோல் மெல்லிய உறைக்குள் சிவந்திருக்கும். ஊமத்தைக்குப் பூ தனித்தனியே நீண்ட புனல், காய் முள்ளுருண்டை. விவசாயிகளுக்கு விற்கப்படும் அமுக்கரா விதைக்கு ரகப்பெயர் இருக்கும்: மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் உருவான ஜவஹர் அஸ்கந்த்-20, லக்னோ ஆராய்ச்சி நிறுவனத்தின் போஷிதா என்பவைபோல. எந்த ரகம், எப்போது எடுத்த விதை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட அமுக்கரா விதை சரியாக முளைக்காது என்பதால் இரண்டாவது கேள்வியும் முக்கியமானதுதான்.

விற்பனையாளருக்கு எழுதியபோது முதலில் உங்கள் மண் சரியில்லை என்றார். படங்களை அனுப்பியதும், இயற்கைப் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். பிறகு பதிலே இல்லை. விற்பனைத் தளமோ, திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது என்றது. முளைவிடவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், இன்னதென்று தெரிய நான்கு மாதம் ஆகும் ஒரு பொருளுக்கு ஏழு நாள் கெடு என்பது வாங்குகிறவரின் கையைக் கட்டிப்போடும் ஏற்பாடு. மின்வணிகம் குறித்த 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி எழுதி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்த பிறகு, முழுப் பணமும் திரும்பி வந்தது. தவறு நடந்தது என்ற ஒரு வரி மட்டும் வரவில்லை, அந்தத் தொகுப்பின் விற்பனையும் நிற்கவில்லை. பணத்துக்காக நான் புகார் செய்யவில்லை என்பதால் இதோடு விடப்போவதும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்காகவே சீட்டு, ரசீது, மிச்ச விதை, பூவும் காயுமாகச் செய்தித்தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்த செடி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோவையில் உள்ள இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் தாவர மாதிரிகளை இனங்காணுகிறார்கள். ஆணையத்துக்குப் போவதற்கு முன் அந்த மாதிரியை அங்கே கொண்டுபோவதாக இருக்கிறேன்.

இதுபோன்ற தொகுப்பிலிருந்து வந்த ‘அமுக்கரா’ உங்கள் தொட்டியில் இப்போது நின்றால், பூப்பதற்கு முன் அதன் எந்தப் பாகத்தையும் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். கையுறை இல்லாமல் கிள்ளாதீர்கள், கிள்ளிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். என் தொகுப்பில் ‘ஓரிதழ் தாமரை’ என்ற பெயரில் வந்த ஒரு செடி இன்னும் பூக்கவில்லை. அந்தத் தொட்டியின் சீட்டை எடுத்துவிட்டு, ‘பெயர் தெரியாது, தொடாதே’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.