கீழிமைக்குக் கைகொடுத்த காகித பிளாஸ்திரி

எனக்கு வயது 72. இடது கண்ணின் கீழிமை உள்பக்கமாகச் சுருண்டுகொண்டு, முடியெல்லாம் கருவிழியில் உரசத் தொடங்கியது. சிமிட்டும்போதெல்லாம் மணலை வைத்துத் தேய்த்தாற்போல் இருக்கும். முதலில் பார்த்தவர் முடிகளைப் பிடுங்கிவிட்டார். சில வாரங்களில் அவை குட்டையாக, விறைப்பாக முளைத்து முன்னைவிட மோசமாகக் குத்தின. இப்படி மூன்று முறை! நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. இரண்டாவது மருத்துவர் கண்ணை இறுக மூடித் திறக்கச் சொன்னார். அவர் கண்ணெதிரிலேயே இமை உள்ளே உருண்டது. முடியின் மேல் குற்றமில்லை, வயதாகி இமை தளர்ந்துவிட்டது, அறுவை சிகிச்சைதான் வழி என்றார்.

அதற்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வாரமும் என்னைத் தாங்கியது அரை அங்குல அகலக் காகித பிளாஸ்திரி. ஒட்டும் முறையை அந்த மருத்துவமனைச் செவிலியர் கற்றுத்தந்தார். கன்னத்தில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ இருக்கக் கூடாது. ஒரு முனையை முடி வரிசைக்குச் சற்றுக் கீழே ஒட்டி, இமையை மெல்ல இறக்கி, மறுமுனையை வெளிப்பக்கம் சரிவாகக் கன்னத்தில் பதிக்க வேண்டும். முடிகள் வெளியே திரும்பி நின்றதைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

குறைகளும் உண்டு. வியர்த்தால் நழுவும். கண்ணுக்குப் போடும் களிம்பு பட்ட தோலில் ஒட்டவே ஒட்டாது. அதனால் ஒட்டிய பிறகுதான் களிம்பு போடுவேன். அதிகம் இழுத்துவிட்டால் கண் முழுதாக மூடாமல் உலர்ந்துபோகிறது. ஒருநாள் அவசரத்தில் உலர்ந்தபடியே உரித்து, கன்னம் புண்ணாகிவிட்டது. வெந்நீரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால் தானாகக் கழன்று வரும். பளபளப்பான பிளாஸ்டிக் வகையையும் வாங்கிப் பார்த்தேன்; பிடிப்பு அதிகம், ஆனால் தோல் சிவந்து அரித்தது. வயதான தோலுக்குக் காகிதமே ஏற்றது. ஆனால் இதை ஒட்டிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். கருவிழியில் புண் வந்தால் பார்வையே பாதிக்கும்.

சிகிச்சை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மரத்துப்போகும் ஊசி மட்டும் சுரீரென்றது. வெளி ஓரத்தில் இமையை இறுக்கித் தைத்தார்கள். இரண்டு வாரம் வீக்கமும் கன்றிய நிறமும் இருந்தன. இப்போது உறுத்தல் அறவே இல்லை.

மீதிச் சுருளைத் தூக்கிப் போடவில்லை. வாரம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வலது கண்ணை இறுக மூடித் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.